முத்திரையின் மேல் முத்திரை

கோயம்புத்தூரிலே பம்பு செட்டுகள் தயாரிக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் அதிபர், பல ஆண்டுகள் உள்நாட்டு வியாபாரத்தில் நற்பெயர் எடுத்த பிறகு, துபாயில் ஒரு கிளையும் ஜெர்மனியில் ஒரு துணைக் கம்பெனியும் தொடங்கலாம் என்று தீர்மானித்து, அதற்கு வேண்டிய முதலீடு, ஆள், கிடங்கு, விலைப்பட்டியல் ஆகிய அனைத்தையும் ஒழுங்கு செய்து முடித்த பின்னர், அதுவரை தாம் ஒரு பொருட்டாகவே மதித்திராத ஒரு காகிதக் கற்றையின் முன் திகைத்து நிற்பது இக்காலத்தில் சர்வ சாதாரணமான காட்சியாகிவிட்டது. கம்பெனியின் பதிவுச் சான்றிதழ், மெமோராண்டம், ஆர்ட்டிகிள்ஸ், கிளை திறப்பதற்கு டைரக்டர்கள் நிறைவேற்றிய போர்டு தீர்மானம், அங்கே போய்க் காரியம் பார்க்கப்போகிறவருக்கு எழுதிக் கொடுத்த பவர் பத்திரம், இரண்டு பாஸ்போர்ட்டுகளின் நகல்கள் என்று கற்றை மொத்தமும் ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடக் கூடியதுதான். அவற்றில் ஒரு வரியாவது பொய்யில்லை. ஆயினும் அவிநாசி சாலையிலுள்ள பாங்கில் கேள்வியின்றி ஏற்கப்படும் அதே காகிதம், கடலைத் தாண்டியதும், யாரோ எவரோ அச்சடித்த வெறுங்காகிதத்தின் அந்தஸ்துக்கு இறங்கிவிடுகிறது.

இது அந்நிய நாட்டு அதிகாரிகளின் குறும்பு என்று கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை. துபாயில் உள்ள பதிவு அலுவலர் கோயம்புத்தூர்க் கம்பெனிப் பதிவாளரின் கையெழுத்தை எந்த ஜன்மத்தில் பார்த்திருக்கப் போகிறார்? நம் ஊர்ச் சார்பதிவாளரிடம் பிரேசில் நாட்டு நகராட்சி ஒன்றின் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினால் அவரும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இதே சந்தேகத்தைத்தான் எழுப்புவார். அறியாத கையெழுத்தை அறிந்த கையெழுத்தோடு இணைப்பதற்கு ஒரு சங்கிலி வேண்டியிருக்கிறது. அந்தச் சங்கிலியைத்தான் வியாபாரிகள் அட்டெஸ்டேஷன் என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டு, ஏஜெண்டு கையில் ஒப்படைத்துவிட்டு, பில் வரும்போது பெருமூச்சு விடுகிறார்கள்.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்துகொண்டவர்கள் மிகச் சொற்பம். நோட்டரியின் முத்திரை, இன்னார் என் முன்னிலையில் கையெழுத்திட்டார், அல்லது இந்த நகல் அசலைப் பார்த்து எடுக்கப்பட்டது, என்ற மட்டில் நிற்கிறது. வர்த்தக சபையின் முத்திரை, இந்தக் கம்பெனியும் இதன் கையெழுத்தும் எங்கள் ஏட்டில் உள்ளவை என்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, சபை அலுவலரின் மாதிரிக் கையெழுத்து எங்களிடம் இருக்கிறது, இரண்டும் ஒத்திருக்கின்றன என்கிறது. தூதரகமோ அமைச்சக அலுவலரின் கையெழுத்தைத் தான் அறிந்திருப்பதாக மட்டுமே கூறுகிறது. பம்பு தண்ணீர் இறைக்குமா, கம்பெனி கடனில் மூழ்கிக் கிடக்கிறதா, போர்டு கூட்டம் நிஜமாகவே நடந்ததா அல்லது ஆடிட்டர் ஆபீஸில் டைப் அடிக்கப்பட்டதா என்பதைப் பற்றி இத்தனை முத்திரைகளில் ஒன்றுகூட வாய் திறப்பதில்லை. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதற்குச் சாட்சி. ஆகவே முதல் முத்திரை எவ்வளவு யோக்கியமோ அவ்வளவுதான் கடைசி முத்திரையும் யோக்கியம். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் சங்கதி இது ஒன்றே.

அந்த முதல் முத்திரை எங்கே விழுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்தின் ஓரத்தில், வேப்ப மரத்தடியிலோ ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து மேஜையிலோ, சிவப்பு மைத் தலையணையும் நோட்டரி ஸ்டாம்புகள் ஒட்டுவதற்கு ஒரு பசைப் புட்டியும் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு வழக்கறிஞரின் கையால் விழுகிறது. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முத்திரை, அதில் அவருடைய பெயர், அவருக்கு ஒதுக்கப்பட்ட எல்லை, அதன் குறுக்கே ஒரு கையெழுத்து, பக்கத்தில் தேதி. அவ்வளவும் முடிய நிமிஷ நேரம் போதும். கையெழுத்திட்டவர் நேரில் வந்தாரா என்று கேட்பவர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு. ஒவ்வொரு செயலையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. அதைச் சிரத்தையாகக் கடைப்பிடிக்கும் நோட்டரிகளை நான் அறிவேன், பதிவேடு எங்கே என்று கேட்டால் சிரித்துக்கொண்டே மேஜைக்கடியில் தேடுபவர்களையும் அறிவேன்.

இந்தப் பதவியின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. இங்கிலாந்தில் நோட்டரிகளை நியமிக்கும் அதிகாரம் ஆதியில் போப்பாண்டவரிடம் இருந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் ரோமாபுரியோடு உறவை முறித்துக்கொண்டபோது, 1533-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது கான்டர்பரி ஆர்ச்பிஷப்பிடம் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் இங்கிலாந்தின் நோட்டரிகளுக்கு நியமனப் பத்திரம் தருவது ஆர்ச்பிஷப்பின் ஃபாகல்டி அலுவலகமே. இதைவிட வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் எல்லா நோட்டரி வேலைகளையும் செய்யத்தக்கவர்களை நியமித்து வந்ததும் நெடுங்காலம் அதே ஆர்ச்பிஷப்பின் நீதிமன்றந்தான். சுதந்திரம் பெற்ற ஒரு தேசம் தன் வியாபாரப் பத்திரங்களுக்குச் சாட்சி சொல்பவரை அந்நிய நாட்டு மதகுரு ஒருவரின் கச்சேரியிலிருந்து பெற்றுக்கொண்டிருப்பது அழகல்லவே என்று உணர்ந்த பிறகுதான் 1952-இல் நோட்டரிகள் சட்டம் இயற்றப்பட்டு, மத்திய மாநில சர்க்கார்களுக்கு நியமன அதிகாரம் கிடைத்தது. அதிகாரம் கைக்கு வந்தது. ஆனால் அந்தப் பழைய லண்டன் நோட்டரி ஒரு பத்திரத்தை ரிப்பனால் கட்டி, அரக்கு வைத்து, புடைப்பு முத்திரை இட்டு, ஒப்பமிட வந்தவரின் அடையாளத்தை மட்டுமின்றி அவருக்குக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் பாத்தியதை இருக்கிறதா என்பதையும் விசாரித்துத் தம் சொந்தச் சான்றுரையாக எழுதிக் கொடுக்கும் பழக்கம் அதோடு கூட வரவில்லை என்பது என் அபிப்பிராயம். வந்திருந்தால் பின்னால் வரும் முத்திரைகளில் பாதிக்கு வேலையே இருந்திராது.

நம் பம்பு அதிபரின் துபாய்க் காகிதங்களைத் தொடர்ந்து போவோம். நோட்டரிக்குப் பின் வர்த்தக சபை. தனிமனிதரின் கல்விச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் முதலியவை மாநில அரசின் துறைகள் வழியாகச் செல்ல, வியாபாரப் பத்திரங்கள் மட்டும் சேம்பரின் வழியாகச் செல்ல வேண்டும் என்பது நம் நாட்டு ஏற்பாடு. 1836-இல் தோன்றிய மதராஸ் வர்த்தக சபையும், ஐரோப்பியர் கையிலிருந்த வாணிபத்துக்கு எதிராகச் சுதேசி வியாபாரிகள் 1909-இல் நிறுவிய தென்னிந்திய வர்த்தக சபையும் அரசாங்க ஸ்தாபனங்கள் அல்ல. எனினும் வியாபாரியின் நாணயத்தை அறிய வியாபாரிகளின் கூட்டமே தகுந்த இடம் என்ற பழைய நம்பிக்கை அவற்றுக்கு இந்த ஸ்தானத்தைக் கொடுத்திருக்கிறது. அதன் பின் வெளியுறவு அமைச்சகம். ஒரு காலத்தில் இதற்காகக் காகிதங்கள் டில்லிக்கே பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் இவ்வேலை பரவலாக்கப்பட்டு, சென்னையிலுள்ள அமைச்சகக் கிளையிலேயே முடிந்துவிடுகிறது. அமைச்சகம் மனுதாரரிடம் நேராக வாங்குவதில்லை, தான் நியமித்த ஏஜென்சிகள் மூலமே வாங்குகிறது. பிறகு ஐக்கிய அரபு எமிரேட்ஸின் தூதரகம் அல்லது துணைத் தூதரகம். அதன் பிறகு, காகிதம் அங்கே போய் இறங்கியதும், அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம். இவ்வளவுக்கும் மேலே, அரபு மொழியில் சட்டபூர்வமான மொழிபெயர்ப்பு. பவர் பத்திரம் ஒன்றேயானாலும் அதன் முதுகில் இத்தனை மைகளும் ஏறியாக வேண்டும்.

மஸ்கட்டில் கிளை திறந்திருந்தால் இந்த யாத்திரை பாதி வழியிலேயே முடிந்திருக்கும். ஓமன் 2012 முதலும், பஹ்ரைன் 2013-இன் இறுதியிலிருந்தும், சவூதி அரேபியா 2022 டிசம்பர் முதலும் ஓர் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டன. எமிரேட்ஸும் கத்தாரும் குவைத்தும் சேரவில்லை. வளைகுடா என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற நம்மவர்கள் இந்தப் பேதத்தை அறியாமல், துபாய்க்குத் தயாரித்த அதே மாதிரி மஸ்கட்டுக்கும் தூதரக வாசலில் காத்துக் கிடப்பதும், மஸ்கட்டில் செல்லுபடியான ஒட்டுச்சீட்டை துபாய்க்குக் கொண்டுபோய் விழிப்பதும் நடக்கிறது.

அந்த உடன்படிக்கைதான் ஹேக் நகரில் 1961-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி கையெழுத்துக்கு வைக்கப்பட்ட அப்போஸ்டில் உடன்படிக்கை. உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய நாடுகளுக்கிடையே மனிதரும் சரக்கும் முன்னிலும் வேகமாகப் போய்வரத் தொடங்கிய காலத்தில், பக்கத்து நாட்டில் ஒரு வழக்குத் தொடுக்கவோ சொத்து வாங்கவோ தூதரகங்களின் படியேறி இறங்குவது பெருந்தொல்லையாகிவிட, ஐரோப்பியக் கவுன்சிலின் யோசனைப்படி ஹேக் மாநாடு இதை எடுத்துக்கொண்டது. அதன் சாராம்சம் மிக எளிது: ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் ஓர் அதிகாரியை நியமித்துக்கொள்ளட்டும், அவர் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு சான்று ஒட்டிவிட்டால், சேர்ந்திருக்கும் மற்ற எந்த நாடும் அதற்கு மேல் ஒரு முத்திரை கேட்கலாகாது. தங்கள் தூதர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டிராதபடி பார்த்துக்கொள்வதும் அந்தந்த நாட்டின் கடமை என்று ஒரு ஷரத்தே இருக்கிறது. 1965 ஜனவரியில் அமலுக்கு வந்த இதில், 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இப்போது அங்கம் வகிக்கின்றன. இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சிங்கப்பூர் 2021-இலும், சீனா 2023 நவம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் வந்து சேர்ந்தன. சீனாவின் வருகையை இந்தியா ஆட்சேபித்திருப்பதால், இவ்விரு நாடுகளுக்கிடையே மட்டும் பழைய தூதரக வழிதான்.

அப்போஸ்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தவருக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பக்கம் ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாத ஒரு சதுரம். மேலே பிரெஞ்சு மொழியில் உடன்படிக்கையின் பெயரும் தேதியும். கீழே எண்ணிட்ட பத்து வரிகள். எந்த நாடு, பத்திரத்தில் கையெழுத்திட்டவர் யார், எந்தப் பதவியில் இருந்து இட்டார், யாருடைய முத்திரை அதில் இருக்கிறது, எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்த அதிகாரியால் சான்றளிக்கப்பட்டது, வரிசை எண் என்ன, பின் அதிகாரியின் முத்திரை, கையெழுத்து. எந்த மொழி தெரியாதவரும் ஏழாம் வரியில் சான்றளித்த அதிகாரியையும் எட்டாம் வரியில் எண்ணையும் கண்டுபிடித்துக்கொள்ளலாம். வரிகளுக்கு எண் கொடுத்த தீர்க்கதரிசனம் அதற்காகத்தான். நம் நாட்டில் இது பத்திரத்தின் பின்புறம் ஒட்டப்படும் ஒரு ஸ்டிக்கர். அரசாங்கக் கட்டணம் 50 ரூபாய். ஏஜெண்டுகளின் பில்லில் காணும் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கும் இந்த ஐம்பதுக்கும் உள்ள தூரம் முழுவதும், வியாபாரி தாம் எந்தக் கண்ணிக்குப் பணம் கொடுக்கிறோம் என்று கேட்காததன் பயனேயாகும். ஒட்டியதைப் பிரித்து ஜெராக்ஸ் எடுத்துவிட்டு மறுபடி ஸ்டேப்ளர் அடிப்பவர்கள் அந்த ஐம்பதையும் ஆயிரத்தையும் சேர்த்தே இழக்கிறார்கள்; பிரித்த தடம் தெரிந்தால் அந்நிய அலுவலகம் கையால் தொடாது.

வியாபாரிகளுக்கு இந்த உடன்படிக்கையில் ஒரு முள் இருக்கிறது. இது பொதுப் பத்திரங்களுக்கு மட்டுமே உரியது. நீதிமன்றப் பத்திரம், நிர்வாக அதிகாரிகளின் பத்திரம், நோட்டரியின் பத்திரம், தனியார் பத்திரத்தின் மீது அதிகாரபூர்வமாக எழுதப்பட்ட சான்று ஆகிய நான்கையும் ஏற்றுக்கொண்டு, முதல் ஷரத்தின் கடைசியில், வாணிபத்தையோ சுங்கத்தையோ நேரடியாகப் பற்றிய நிர்வாகப் பத்திரங்களை விலக்கிவிடுகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் அவற்றுக்கெல்லாம் முத்திரைச் சங்கிலியே பெரும்பாலும் தேவைப்படாமலிருந்தது என்பது அதற்குக் காரணம். இப்போதோ உலகத்தில் அதிகம் முத்திரை கேட்கப்படுபவற்றில் அவையும் அடக்கம். ஆகவே பல நாடுகள் இந்த விலக்கை மிகக் குறுக்கிப் பொருள்கொண்டு, அப்போஸ்டில் ஒட்டிக் கொடுக்கின்றன. கம்பெனியின் இன்வாய்ஸ் தனியார் காகிதம். அதன் மேல் நோட்டரி ஒரு சான்று எழுதினால் அந்தச் சான்று பொதுப் பத்திரமாகிவிடுகிறது. அதற்கு அப்போஸ்டில் உண்டு. இன்வாய்ஸில் உள்ள விலைக்கு அப்போதும் ஒருவரும் ஜவாப்தாரி அல்ல.

சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்று காட்டும் மூலச் சான்றிதழின் சரித்திரம் வேறு. சுங்க நடைமுறைகளை எளிதாக்குவதற்காக ஜெனீவாவில் 1923-இல் ஏற்பட்ட உடன்படிக்கையே, அரசாங்கம் அங்கீகரித்த சபைகள் இவற்றை வழங்கலாம் என்று ஒப்புக்கொண்டது. வர்த்தக சபைகளின் வாசலில் இன்றும் இன்வாய்ஸ் கட்டுகளோடு ஷிப்பிங் ஏஜெண்டுகளின் பையன்கள் நிற்பதற்கு அதுவே மூலாதாரம். மருந்து, உணவு, அழகுசாதனம் ஏற்றுமதி செய்பவர்களுக்குக் கூடுதலாக ஃப்ரீ சேல் சான்றிதழ் ஒன்று வேண்டும். இந்தச் சரக்கு எங்கள் தேசத்தில் தடையின்றி விற்பனையாகிறது என்று சர்க்கார் அலுவலகம் சொல்ல வேண்டும் என்று வாங்குகிற நாடு எதிர்பார்க்கிறது. தாங்கள் சாப்பிடாததை எங்களுக்கு அனுப்பாதீர்கள் என்ற அந்தக் கவலை நியாயமானதே.

இனி ஜெர்மனி. இந்தியாவும் ஜெர்மனியும் இரண்டுமே ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றன. ஆகவே அப்போஸ்டில் வாங்கிக்கொண்டு போனால் போதும் என்று எந்தப் புத்திசாலியும் நினைப்பார், நினைத்து ஏமாறுவார். புதிதாக ஒரு நாடு சேரும்போது, முன்னரே இருப்பவர் ஆட்சேபம் தெரிவித்தால் அவ்விருவருக்கிடையே மட்டும் உடன்படிக்கை அமலாகாது என்று பன்னிரண்டாம் ஷரத்து அனுமதிக்கிறது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி அவ்வாறு ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபம் இன்னும் நீடிக்கிறது. அதனோடு நில்லாமல், இந்தியாவிலுள்ள ஜெர்மானியத் தூதரகங்கள் நம் பொதுப் பத்திரங்களுக்கு முத்திரையிடும் வழக்கத்தையே நிறுத்திவிட்டு, அங்குள்ள அலுவலகம் கேட்டுக்கொண்டால் தங்கள் நம்பிக்கைக்குரிய வழக்கறிஞரை அனுப்பி, மூல அலுவலகத்திலேயே போய் விசாரித்து வரச்செய்கின்றன. இதைக் கேட்டு நமக்கு ரோஷம் வருவது இயற்கை. ஆனால் நிதானமாக யோசித்தால், முத்திரைகளை நம்பாமல் மூலத்தைப் போய்ப் பார்ப்பது என்ற அந்த முறை, முன்னே நான் சொன்ன முதல் கண்ணியின் பலவீனத்தை மற்றெவரையும்விடச் சரியாகப் புரிந்துகொண்டதன் விளைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

பம்பு அதிபருக்கு இதில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஜெர்மனியில் வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி தொடங்க, பங்குதாரரின் சார்பில் ஒருவர் அங்கே கையெழுத்திடுவதானால், அவருக்கு அளிக்கும் பவர் நோட்டரியால் எழுதப்பட்டதாகவோ சான்றளிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 1974-ஆம் ஆண்டு ஜெர்மானியத் தூதரகச் சட்டமோ தூதரக அதிகாரிக்கு நோட்டரியின் அதிகாரத்தையும் கொடுத்திருக்கிறது. சென்னையிலுள்ள துணைத் தூதரகத்துக்கு நேரம் வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு நேரில் போய், அந்த அதிகாரியின் கண் முன்னால் கையெழுத்திட்டால் சங்கிலி முழுவதும் ஒரே கண்ணியாகச் சுருங்கிவிடுகிறது.

அங்கேதான் ஒரு நுட்பமான கேள்வி முளைக்கிறது. கையெழுத்து உம்முடையதுதான், கம்பெனியைக் கட்டுப்படுத்த உமக்கு என்ன அதிகாரம்? ஜெர்மானிய வாணிபப் பதிவேட்டைத் திறந்தால், இந்தக் கம்பெனிக்காக இன்னார் தனியாகக் கையெழுத்திடலாம், இன்னாரும் இன்னாரும் சேர்ந்து இடலாம் என்று எழுதியே இருக்கும். நம்முடைய பதிவுச் சான்றிதழோ கம்பெனி பிறந்த தேதியையும் எண்ணையும் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுகிறது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையப் பட்டியலில் டைரக்டர்களின் பெயர் இருக்கிறதேயன்றி, அவர்களில் யாருக்கு எந்த அதிகாரம் என்பது இல்லை. ஏனென்றால் நம் சட்டத்தின்படி டைரக்டர்கள் போர்டாகக் கூடித்தான் கம்பெனியை ஆள்கிறார்கள், தனித்தனியே ஆள வேண்டுமானால் போர்டு தீர்மானம் போட்டு அதிகாரம் கொடுக்க வேண்டும். எனவேதான் அங்கே ஒரு துண்டில் முடியும் காரியத்துக்கு நாம் மெமோராண்டம், ஆர்ட்டிகிள்ஸ், தீர்மானம் என்று மூட்டை கட்டுகிறோம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 399-ஆம் பிரிவின் கீழ்ப் பதிவாளரிடமிருந்தே சான்றிட்ட நகல்களைக் கேட்டு வாங்கலாம் என்பதைப் பலர் உபயோகித்துக்கொள்வதில்லை. டைரக்டரே தம் நகலுக்கு உண்மை நகல் என்று எழுதிக்கொள்வதைக் காட்டிலும் அதன் மதிப்பு எத்தனையோ மடங்கு அதிகம்.

இன்னொரு விநோதம். கம்பெனியின் பொது முத்திரை கட்டாயமில்லை என்று 2015-இல் நம் சட்டம் திருத்தப்பட்டது. பல கம்பெனிகள் அந்தக் கனமான இரும்பு அச்சைப் பரணில் போட்டுவிட்டன. அயல்நாட்டுப் படிவங்களோ இன்னமும் முத்திரை எங்கே என்று கேட்கின்றன. சட்டத்தின் ஷரத்தைக் காட்டி வாதாடுவதை விட அதைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக்கொள்வதே லாபம்.

தமிழ்நாட்டு வியாபாரிகளுக்கே பிரத்தியேகமாக வாய்த்த ஒரு சங்கடம் பெயர். மெமோராண்டத்தில் கே. முருகேசன், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கந்தசாமி, இயற்பெயர் முருகேசன், பான் அட்டையில் கந்தசாமி முருகேசன், போர்டு தீர்மானத்தில் திரு. முருகேசன், மேனேஜிங் டைரக்டர். நம் ஊரில் இவர் ஒரே மனிதர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தகப்பனாரின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்குவதும் விரிவதும் நமக்குப் பழக்கமான சம்பிரதாயம். குடும்பப் பெயர் என்ற ஒன்றின்றி மனிதனையே கற்பனை செய்ய இயலாத ஒரு பதிவு அலுவலருக்கு இவர் மூன்று ஆட்களாகவும், சில சமயம் காலஞ்சென்ற கந்தசாமியாகவும் தென்படுகிறார். இதற்காக எத்தனையோ கற்றைகள் கடைசி மேஜையிலிருந்து திரும்பி வந்திருக்கின்றன. பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் தீர்மானத்திலும் பவரிலும் எழுதி, பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்து, இன்னின்ன பெயர்களால் வழங்கப்படுபவர் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரமும் முதல் நாளிலேயே நோட்டரியின் முன் செய்து வைத்துவிடுவது உத்தமம். கம்பெனி பெயரில் வரும் பிரைவேட் என்பதை ஓரிடத்தில் முழுதாகவும் ஓரிடத்தில் ஒற்றை எழுத்தாகவும் எழுதுவதும் அதே வகைக் குற்றந்தான்.

கடல் கடந்த அதிகாரப் பத்திரம் தமிழ் வணிகருக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், முதலாளி செட்டிநாட்டிலிருக்க, மூன்று வருஷக் கணக்கில் அனுப்பும் ஏஜெண்டின் கையில் பவர் கொடுத்தே அத்தனை பெரிய தொழிலையும் நடத்தினார்கள். விலாசத்தின் முன்னெழுத்துகளே கடையின் அடையாளம். ரங்கூனும் பினாங்கும் மதராஸும் ஒரே சாம்ராஜ்யத்தின் குடைக்கீழ் இருந்தமையால், அயல்நாட்டுத் தூதரகம் ஒன்றின் முத்திரை அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அந்தச் சாம்ராஜ்யத்தின் நிழல் நம் விதிகளில் இன்னும் ஒரு மூலையில் படிந்திருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் இங்கே கம்பெனி தொடங்கும் உறுப்பினராகச் சேர வேண்டுமானால், 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, காமன்வெல்த் நாட்டில் இருப்பவருக்கு அந்நாட்டு நோட்டரியின் சான்று போதும். ஹேக் நாட்டில் இருப்பவருக்கு நோட்டரிக்கு மேல் அப்போஸ்டில் வேண்டும். இரண்டிலும் சேராதவர் இந்தியத் தூதரகத்துக்குச் செல்ல வேண்டும். கோலாலம்பூர்த் தமிழர் மதுரையில் ஒரு கம்பெனி தொடங்குவது, துபாய்த் தமிழர் தொடங்குவதைக் காட்டிலும் ஒரு படி சுலபமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அங்கிருந்து வரும் பவரில் மற்றொரு கண்ணியை மறந்துவிடுகிறவர்கள் மிகப் பலர். அந்நிய நாட்டில் எழுதப்பட்ட பத்திரம் இந்தியாவுக்குள் முதன்முதலாக வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்று 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. சிங்கப்பூர் நோட்டரியும் அந்நாட்டுச் சட்டக் கல்விக்கழகமும் அழகாகச் சான்றளித்த பவர், காரைக்குடியில் பீரோவுக்குள் ஆறு மாதம் தூங்கிவிட்டு எழுந்தால், அதன் அப்போஸ்டில் எவ்வளவு பளபளத்தாலும் அபராதப் பேச்சுக்குப் பின்புதான் காரியம் நடக்கும்.

இப்போது ஒரு புதுக் குழப்பம் சேர்ந்திருக்கிறது. பதிவுச் சான்றிதழ் முதல் வரிச் சான்றுகள் வரை யாவும் மின்னணுக் கையெழுத்தோடு கம்ப்யூட்டரில் பிறக்கின்றன. காகிதத்தில் மை கிடையாது. முத்திரைச் சங்கிலியோ மையை அடிப்படையாகக் கொண்டது. ஆகையால், கணினியில் எவரும் சரிபார்க்கத்தக்க ஒரு பத்திரத்தைப் பிரிண்டு எடுத்து, அதன் சரிபார்ப்பு வலிமை அனைத்தையும் அழித்துவிட்டு, அந்தக் காகிதத்தின் மேல் நோட்டரியின் மையை வாங்கி, அந்த மைக்கு மேலும் மைகளை வாங்குகிறோம். இதைக் காட்டிலும் வினோதமான காரியத்தை நிர்வாக உலகம் அண்மையில் செய்ததாகத் தெரியவில்லை. ஹேக் மாநாடு 2006-லேயே மின்னணு அப்போஸ்டிலுக்கும், இணையத்தில் பார்க்கத்தக்க பதிவேட்டுக்கும் வழிகாட்டிவிட்டது. நம் அமைச்சகமும் 2017-இல் இ-சனத் என்ற ஏற்பாட்டைத் தொடங்கி, பத்திரம் வழங்கிய அலுவலகமே தன் கிடங்கிலிருந்து அதைச் சரிபார்த்து அனுப்பும்படி செய்திருக்கிறது. எந்தெந்த அலுவலகங்கள் அதில் இணைந்திருக்கின்றனவோ அவற்றின் பத்திரங்களுக்கு மட்டுமே அந்தச் சௌகரியம்.

போலி முத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர் ஸ்டாம்பு செய்ய ஒரு மணி நேரம் போதும். ஸ்டிக்கர் அச்சடிக்கவும் ஆள் இருக்கிறார்கள். இரண்டு நாளில் எல்லா முத்திரையும் என்று விளம்பரம் செய்பவரிடம், தூதரக வேலை நாட்கள் எத்தனை என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. உடன்படிக்கையை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்தே, சான்றளிக்கும் ஒவ்வொரு அதிகாரியும் எண், தேதி, கையெழுத்திட்டவர் பெயர், பதவி ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும், யார் கேட்டாலும் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று ஏழாம் ஷரத்தில் விதித்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் அதற்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். பதிவேட்டை இணையத்தில் ஏற்றிவிட்ட நாடுகளில் இன்று எட்டாம் வரியிலுள்ள எண்ணையும் தேதியையும் தட்டினால் போதும். இருந்தும் ஸ்டிக்கரின் பளபளப்பைத் தடவிப் பார்த்துத் திருப்தியடையும் அலுவலர்களே எங்கும் அதிகம். வெளிநாட்டு விநியோகஸ்தரின் பவரையோ பதிவுச் சான்றையோ வாங்கிக்கொண்டு சரக்கைக் கடனுக்கு அனுப்பப் போகும் நம் வியாபாரிகளாவது, பாங்க் மானேஜரிடம் காகிதத்தை நீட்டுவதற்கு முன், அந்த எண்ணை ஒருமுறை தட்டிப் பார்த்துவிடலாம். அதற்கு ஏஜெண்டும் வேண்டாம், கட்டணமும் இல்லை.